புளி போகாத மடிப்பு

என் அருமை மச்சான்,

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் மணலூர்பேட்டையில் என்னை எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை. அங்கே நீ யாரோடு மல்லுக்கு நிற்கிறாய்? இங்கே அந்த வேலையை இப்போது உன் மகள் கயல் பார்க்கிறாள்.

கும்பெனிக்காரன் வந்த புதிதில் நம் பக்கத்து ரசவாதம் எப்படி ரசாயனமாக மாறியது என்று ஆராய்ச்சி செய்கிறாள். நான் சும்மா இருப்பேனா? பரணில் கிடக்கும் செப்புக் கொப்பரையைப் பற்றிச் சொன்னேன். என் பாட்டனுக்குப் பாட்டன் கல்வராயன் மலைப் பச்சிலையைப் பிழிந்து, அதில்தான் செம்பைப் பொன்னாக்கினார். வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு இறங்கிக் கும்பிட்டார் என்றேன். நீ இருந்திருந்தால், "அப்ப ஏன் மச்சான் நீ இன்னும் ஓட்டு வூட்லயே கீற?" என்று கேட்டிருப்பாய்.

கொப்பரையைச் சோதிக்க வருகிறேன், அதை நம்பித்தான் என் கட்டுரையே இருக்கிறது என்றாள். படம் எடுப்பார்களே, அழுக்காக இருந்தால் நம் மானம் என்ன ஆவது? முந்தின நாளே புளியும் சாம்பலும் போட்டு விளக்கிவிட்டேன். முகம் தெரிந்தது மச்சான், கண்ணாடி தோற்றது.

பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா மாமா பண்ணி வச்சிகீற? அந்த அழுக்குதான் மாமா எனக்கு வேணும்."

 

பிறகு அவளே கொப்பரையைக் கவிழ்த்து, விளிம்பு மடிப்பில் ஊசியை விட்டுக் கிளறினாள். புளி போகாத இடம். ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி உதிர்ந்தது. துளியை அடுப்புக் கங்கில் போட்டாள், சீறிக்கொண்டு பொரிந்தது. மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

"வெடியுப்பு மாமா. உன் பாட்டன் பொன்னு பண்ணல. மண்ணக் கரைச்சிக் காய்ச்சி, கும்பெனி பீரங்கி மருந்துக்கு உப்பு எடுத்துக்கீறாரு."

ஆய்வுக்கூடத்திலும் வெடியுப்பு என்றே சொல்லிவிட்டார்களாம். பொன்னைவிட இதுதான் தன் கட்டுரைக்குப் பெரிசு என்று சிரித்தாள். உன் சிரிப்பேதான்.

அடுத்த மாதம் பெரிய படிப்பாளிகள் முன்னால் பேசப்போகிறாள். கொப்பரைக் கதையை நானும் வந்து சொல்ல வேண்டுமாம், நடந்ததை மட்டும்.

சொல்கிறேன் மச்சான், சத்தியம். பொன் என்ற வார்த்தையை எடுக்க மாட்டேன். விளக்கித் தொலைத்ததையும் ஒப்புக்கொள்வேன். துரை குதிரையை விட்டு இறங்கியதை மட்டும்... சரி, அவர் குதிரை மேலேயே இருக்கட்டும்.

உன் மகள் பேச்சுக்கு அடங்கிய ஒரே தாய்மாமன்,
உன் மச்சான்