மாமரம் புளோ பண்ணும்

சண்டிலிப்பாய்
22.1.1986

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகன் கனகசபாபதியும் கொழும்பில் சுகமாயிருக்க வேண்டும்.

நீ எழுதிய பழைய இங்கிலீஷ் சொற்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் ஆசையாகப் படித்த எனக்கே தலை சுற்றியது. 'பிளவர்' என்றால் பூ, சரி. அதையே 'புளோ-அர்' என்று பிரித்து வாசித்தால் 'ஓடுவது', அதாவது ஆறு என்கிறாய். மழைக்குப் புதிதாகப் பெருகிவரும் வெள்ளம் 'பிரெஷெற்'. ஊதுவதையும் வெடிப்பதையும் போலப் பூப்பதும் முந்தின காலத்தில் 'புளோ'தானாம். தமிழில் எழுதிப் பார்த்தேன்: ஓடுகிறதும் புளோ, பூக்கிறதும் புளோ. வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சம் போல.

அம்மா சொன்னாள்: "உங்கடை இங்கிலீஷ் எங்கடை வழுக்கையாறு மாதிரியப்பா. மாரிக்கு மட்டுந்தான் ஓடும்."

நாளைக்குத் தனி இங்கிலீஷில் ஒரு தபாலட்டை போடுவேன். சிரிக்காமல் பிழை திருத்தி அனுப்பு.

அன்பு அப்பா
பஞ்சலிங்கம்

கொழும்பு
2.2.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் தபாலைப் பொலிஸ் உடைத்துப் பார்க்கிறது. அதனால் இதை என்னோடு படிப்பிக்கும் யோசப்பின் ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் ஊருக்கு வருகிறாள்.

'பாலத்தடி மாமரம் இந்தக் கிழமை புளோ பண்ணும்' என்று அட்டையில் எழுதியிருக்கிறீர்கள். பாலத்துக்குக் குண்டு வைக்கப்போகிறார்கள் என்று வாசித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வந்து இவரைக் கொண்டுபோனார்கள். பூப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றேன். "மாமரம் எண்டது ஆர்? பேரைச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலாசத்தில் பகிடிக்கு 'இங்கிலீஷ் ரீச்சர்' என்றும், கையெழுத்தாக 'பாதர்' என்றும் மட்டும் போட்டிருந்தீர்கள். உங்களைத் தேடி ஆமி வரும் என்ற பயத்தில், அது எங்களுக்கு வந்ததல்ல, என் அப்பா செத்துப் பல வருஷம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் முந்தின கடிதத்தையும் அடுப்பில் வைத்தேன். எழுதினவன் யார் என்று தெரியும்வரை இவரை விடமாட்டார்களாம்.

நீங்கள் வரவேண்டாம். அப்பா என்று ஒரு வரி எழுதினாலும் என் பொய் பிடிபட்டுவிடும்.

மன்னியுங்கள்.

அருந்ததி

சண்டிலிப்பாய்
8.2.1986

மதிப்புக்குரிய ரீச்சர் அம்மாவுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. என் தபாலட்டை உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கணவருக்குக் கரைச்சல் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் கதைத்தார்கள். அதை எழுதிய மடையன் நான். என் மகளும் அங்கே இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். அவளுக்கு அறிவு காட்டப்போய் வீட்டு இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேன்.

பாலத்தடியில் மாமரம் பூத்து நிற்கிறது. பாலமும் நிற்கிறது. இதை உடைத்து வாசிக்கிற ஐயாமார் வந்து இரண்டையும் பார்க்கலாம். நான் ஓடமாட்டேன், முழங்காலில் வாதம். அந்த மனுசனை விட்டுவிடுங்கள்.

மகள் வீடு மாறிவிட்டாள். புது விலாசம் என்னிடம் இல்லை. இனி அவளுக்கு எழுதுவதாகவும் இல்லை.

ரீச்சர், கணவர் வந்ததும் முதலில் சுடுதண்ணீர் வைத்துக் கொடுங்கள். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வயதுக்கு மூத்தவன் சொல்கிறேன். வேறு உரித்து எனக்கில்லை.

இப்படிக்கு,
வேலுப்பிள்ளை பஞ்சலிங்கம்
புகையிலைத் தோட்டக்காரன்
பாலத்தடி, சண்டிலிப்பாய்