நாணலுக்குள் கேட்ட பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். இங்கே நான் சுகமே. உங்கள் முட்டி வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

நாங்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைக் கணக்கெடுக்கிறோம். நாணலுக்குள் இருப்பவை கண்ணில் படாது. அதனால் ஆண் பறவையின் கூவலை ஸ்பீக்கரில் போடுவோம். தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று உள்ளே இருப்பது கோபமாகப் பதில் கூவும். போன வருடம் நாலு பக்கமிருந்தும் சண்டைக்கு வந்தன. இந்த வருடம் ஏரியில் சத்தமே இல்லை.

நேற்று ஒரு கூத்து நடந்தது. கடைசியாக ஒன்று பதில் கூவியது! நான் போட அது கூவ, குதிக்காத குறைதான். நாணலை விலக்கிப் பார்த்தால், மறுகரையிலிருந்து வந்த என் கூட்டாளி நெட்டையன், கையில் ஸ்பீக்கரோடு நிற்கிறான்.

"அட, நீதானா? ஒண்ணாவது கெடைச்சிடுச்சுன்னு நெனச்சேனே!" என்றான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் சுற்றிலும் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு பேரும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வண்டிக்கு வந்துவிட்டோம்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் அனுப்புங்கள். அம்மாவின் பழைய சால்வையையும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். போனை மட்டும் சைலண்டில் போடாதீர்கள் அப்பா. நான் கூப்பிட்டால் யாராவது எடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

உங்கள்
சின்னவள்