கபிலன் சொன்ன ஒன்பது

ஐப்பசி, புதன் இரவு.

நித்திரை வரேல்லை. இண்டைக்கு டொக்டர் என்ர பேரனிடம், "உன்ர வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தினை போடுவாய்?" என்று கேட்டார். கபிலன் யோசிக்காமல் ஒன்பது என்றான். பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே நடக்கேலாது, சக்கர நாற்காலிதான்.

பிறகு தாயைக் கேட்டார். மருமகள் அழுதுகொண்டே மூண்டு என்றாள். மகன் குனிந்துகொண்டிருந்தான். டொக்டர் என்னையும் பார்த்தார். "பாவம் பிள்ளை" என்றேன். வாய்ப்பழக்கம். மகன் அதை டொக்டருக்காகப் பிரெஞ்சில் திருப்பிச் சொன்னான். கபிலனுக்கு அது இரண்டு தரம் கேட்டது.

ரொக்ஸ்பரோவில் நாங்கள் இருக்கிற வீட்டு யன்னலால் ஒவ்வொரு பின்னேரமும் பார்க்கிறவன் நான். தெருவில் ஹொக்கி விளையாடுகிற பொடியளுக்கு இவன்தான் கோலி, கோலுக்கு முன்னால் நாற்காலியோட நிண்டு பந்தை மறிக்கிறவன். மறித்துவிட்டுப் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். போன மாரியில் மூக்கு உடைந்து இரத்தம் வழிய, சிரித்துக்கொண்டு வந்தவன். அதை ஏன் அங்கே சொல்லாமல் விட்டேன்?

காரில் கேட்டான்: "அப்பப்பா, நான் பாவமோ?"

"சீச்சீ, ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

பின்னேரம் பொடியள் வந்து கதவைத் தட்டினாங்கள். "நான் வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றான். எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் சொல்லி அனுப்பினேன். கோலுக்குள் குப்பை வாளியை வைத்து விளையாடினாங்கள். இவன் யன்னலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்களும் பாவமெண்டுதான் என்னைச் சேர்த்தவங்களோ, அப்பப்பா?"

இல்லையடா என்றேன். அவன் என்ர முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கேல்லை.