இரண்டு பன்றிகளுக்கு ஒரு வீடு

மே 3, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈரம். பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் மாற்றுவதற்குள் நைட்டி நனைந்துவிட்டது. பெரியவன் ஏறி உட்கார்ந்ததும் பாதித் தண்ணீர் வெளியே. சின்னவள் வீட்டுக்குள் ஓடிப்போய் பாத்ரூம் டைல்ஸில் படுத்துக்கொண்டாள். இனி செப்டம்பர் வரை இதே கதைதான்.

சேகர் ஜித்தாவிலிருந்து போன். அங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கும் மகள் யாழினிக்கும் விசா வந்துவிடும். மாதக் கடைசியில் இந்த வில்லாவைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். ஷரஃபியா பக்கத்தில் ஃப்ளாட் பார்த்துவிட்டாராம், கீழேயே நம் ஊர் ஹோட்டல், காலையில் பொங்கல் கிடைக்கிறதாம். சந்தோஷமாகத்தான் சொன்னார். போனை வைக்கும் முன், "அந்தப் பன்னிங்கள மட்டும் நீ ஒரு வழி பண்ணிடு."

இந்த எமிரேட்டிலிருந்து சவுதிக்குப் பன்றியைக் கொண்டுபோக முடியாது. ஊருக்கு அனுப்பவும் வழியில்லை, விசாரித்தாயிற்று. பிறகு என்ன வழி? அதை அவர் சொல்லவில்லை.

நானா கொண்டுவந்தேன்? இவரோடு வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது. பூனைக்கூடையில் இரண்டு குட்டி, பேப்பர் எல்லாம் பக்கா. மினியேச்சர் பன்றி, இதற்கு மேல் வளராது என்றார்கள். அவர் வைத்த இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் பெரியவன், சின்னவள். இப்போது பெரியவனை நானும் யாழினியும் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது, அவனாக மனது வைத்தால்தான்.

வேலைகள்: க்ளினிக்கில் ராஜினாமா. யாழினிக்கு டி.சி. சோஃபா, வாஷிங் மெஷின் விற்க. பன்றிகள்.

மே 5, செவ்வாய்

ராஜினாமா கொடுத்தேன். லேபில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் உட்காரச் சொன்னார். புது டெக்னீஷியன் வரும் வரையாவது, ஆகஸ்ட் வரையாவது இருக்க முடியாதா என்று கேட்டார். முடியாது சார், ஃபேமிலி ஷிஃப்ட் ஆகிறது என்றேன். ஜித்தாவில் எனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். பார்க்கணும் சார். இதே பதிலை இன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னேனோ.

வளர்ப்புப் பிராணிகள் குழுவில் யாழினி விளம்பரம் போட்டாள். போட்டோவில் பெரியவன் அவள் ஸ்கூல் ஷூவில் தலை வைத்துத் தூங்குகிறான். சாயங்காலத்துக்குள் ஏகப்பட்ட இதயக் குறி. எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவரும் இல்லை.

மே 6, புதன்

ஒருவர் கூப்பிட்டார். நல்ல மனிதர் மாதிரி பேசினார். வயது என்ன, எடை என்ன, என்ன சாப்பிடக் கொடுக்கிறோம், அண்மையில் ஊசி மருந்து ஏதாவது போட்டோமா. எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். யாழினி பக்கத்தில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறாள். கடைசியில், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா, வீட்டில் பார்ட்டி என்றார்.

போனை வைத்துவிட்டேன். "என்னாச்சும்மா?" அவர்கள் வீட்டில் இடம் போதாதாம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

மே 8, வெள்ளி

சோஃபா போயிற்று. ஹால் காலியாக, பேசினால் எதிரொலி. சோஃபா இருந்த இடத்தில் சின்னவள் போய் நின்றுகொண்டு மோந்து மோந்து பார்த்தாள்.

சோஃபா எடுக்க வந்தவர் குல்கான் பாய். பெஷாவர்க்காரர், இந்தக் காம்பவுண்டில் எல்லோர் சாமானையும் அவர் பிக்அப்தான் ஏற்றும். இடம் கிடைத்தால் பன்றிகளையும் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் கோபப்படவில்லை. வீட்டுச் சாமான் எது வேண்டுமானாலும் ஏற்றுவேன், பெஹன்ஜி, இது மட்டும் என் வண்டியில் முடியாது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் கேட்டுவிட்டுப் போகிறார். வெட்கமாகப் போய்விட்டது.

சேகருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல் பொம்மை. எதற்கு?

மே 9, சனி

அல் ஐன் ரோட்டில், குழந்தைகள் மிருகங்களைத் தொட்டுப் பார்க்கும் பண்ணை ஒன்று. போனில் இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் யாழினியும் மட்டும் போனோம். வழியெல்லாம் அவள் பாட்டு. இணையத்தில் பார்த்த படங்களில் புல்வெளி, மர வேலி. நேரில் மணல். தகரக் கொட்டகை, தொட்டால் கை சுடுகிறது. ஒரு ஆடு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் பாசி, அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். கூலர் வரும் மேடம், அடுத்த மாதம் கண்டிப்பாக வரும் என்றார் அங்கே இருந்தவர்.

அலுத்துப் போயிருந்தேன். சரி என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன், உண்மை. யாழினி என் முகத்தைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். திரும்பும்போது பாட்டு இல்லை.

மே 12, செவ்வாய்

தூசிக்காற்று. துவைத்த துணியெல்லாம் மறுபடி.

டியூட்டி முடிந்து மிருக டாக்டரிடம். அவர் ஒளிக்கவில்லை. இந்த வெயிலில் ஏசி இல்லாத இடத்தில் விட்டால் ஜூலையைத் தாண்டாது. நல்ல இடம் கிடைக்கவே இல்லையென்றால் ஊசி போட்டுத் தூங்க வைப்பதைப் பற்றி யோசியுங்கள், மோசமான இடத்தைவிட அது கருணை என்றார். தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார்.

சேகரிடம் சொன்னேன். அவர் உடனே, அப்போ அதைச் செய்துவிடலாமே, யாழினிக்குப் பண்ணையில் விட்டோம் என்று சொல்லிவிடலாம் என்றார். மேசை வாங்கலாமா வேண்டாமா என்பதுபோல அவ்வளவு சுலபமாக.

"வேலைய விட்டாச்சு, வீட்டக் காலி பண்ணியாச்சு. இதையும் கொன்னுட்டு வரணுமா?" என்று கேட்டேன். நான் கத்தவில்லை. அவர்தான் எதற்குக் கத்துகிறாய் என்றார். பிறகு மீட்டிங் என்று வைத்துவிட்டார்.

சாப்பிடவில்லை. தயிர்சாதம் பெரியவனுக்கு.

மே 14, வியாழன்

டாக்டர் சொல்லி ஓர் அம்மாள் கூப்பிட்டாள். பெயர் மார்கரெட். தென்னாப்பிரிக்கா. உம் அல் குவைனில் பெரிய வில்லா, புருஷன் இறந்துவிட்டார், தனியாக இருக்கிறாள். அவளிடம் டோலி என்று ஒரு கிழட்டுப் பன்றி. கூட இருந்த ஜோடி குளிர்காலத்தில் செத்துவிட்டது. அதிலிருந்து டோலி சரியாகச் சாப்பிடுவதில்லை. துணைக்கு ஆள் தேடுகிறாள்.

ஆனால் என்ன கேள்வி. ஸ்கூல் அட்மிஷன் இன்டர்வியூவே பரவாயில்லை. கடிக்குமா, கதவைத் திறக்குமா, குழாய்த் தண்ணீருக்குப் பயமா, ஏன் கொடுக்கிறீர்கள், ஏன் வாங்கினீர்கள். வாங்கவில்லை, தலையில் வந்து விழுந்தது என்றேன். சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னாள். பரீட்சை பாஸ் போலிருக்கிறது.

மே 16, சனி

கையெல்லாம் சிராய்ப்பு. எழுத முடியவில்லை, ஆனாலும்.

எங்கள் கார்தான், வேறு யார் வருவார்கள். பின்சீட்டை மடித்து, பழைய மெத்தை விரிப்பு போட்டு, சாய்வாகப் பலகை வைத்தோம். சின்னவள் வாழைப்பழத்தைப் பார்த்து ஏறிவிட்டாள். பெரியவன் பாதிப் பலகையில் நின்று ஒரே அலறல், யாரோ கழுத்தை அறுக்கிற மாதிரி. நான் பின்னாலிருந்து தோளால் தள்ள, அவன் என் மேலேயே கழிந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வில்லா உம் ஃபாரிஸ் கேட்டைத் திறந்தாள். சிரியாக்காரி. இத்தனை நாளும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவள், ஒரு தடவை முறையிட்டதில்லை. எங்களைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். இன்றைக்காவது சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள். கிட்டே வரவில்லை, சுவர் மேல் வரிசையாக வைத்தாள். ரோடு சூடாக இருக்கும், பாவம், அதுகளுக்கு என்றாள் இங்கிலீஷில். பாட்டில்களை எடுத்து விரிப்பின் இரண்டு ஓரத்திலும் அடுக்கினேன்.

உம் அல் குவைனில் நல்ல இடம். வேப்ப மரம், நிழல், ஏசி போட்ட ஒரு அறை முழுக்க டோலிக்கு. மார்கரெட் இடுப்பு ஆபரேஷன் ஆனவள், தடி ஊன்றி நடக்கிறாள். சின்னவளை டோலி மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பெரியவனைக் கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது பாருங்கள். ஒரே பாய்ச்சல். பெரியவன் காது கிழிந்து ரத்தம். நடுவில் பலகையை நுழைத்துப் பிரிப்பதற்குள் உயிர் போய்விட்டது.

பன்றிகள் இப்படித்தான், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்ச நாள் வைத்தால் பழகும், ஒரு வாரம் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள் மார்கரெட்.

இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வரும் வழியெல்லாம் யாழினி அழுகை. கார் நாற்றம். ஜன்னலைத் திறந்தால் அனல்.

மே 19, செவ்வாய்

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

மார்கரெட் மெசேஜ்: பெரியவன் சாப்பிடுகிறான், ஆனால் வேலியை முட்டிக்கொண்டே இருக்கிறான். டோலியும் முட்டுகிறது.

சேகர் டிக்கெட் போட்டுவிட்டார். முப்பதாம் தேதி. என்னைக் கேட்கவில்லை. யாழினிக்குக் கடைசிப் பரீட்சை ஜூனில் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அங்கே ஸ்கூலில் பேசிவிட்டாராம், பரீட்சை எழுதாமலே சேர்த்துக்கொள்வார்களாம்.

மே 22, வெள்ளி

மார்கரெட் வரச் சொன்னாள். ஹாஃப் டே லீவ் போட்டு, யாழினியை ஸ்கூலிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன்.

நேராக விஷயத்துக்கு வந்தாள். சின்னவள் இருக்கலாம், டோலியோடு ஒரே பாயில் படுக்கிறாள். பெரியவனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவனைப் பழக்க முடியாது என்பதில்லை. தினமும் சாயங்காலம் ஒருவர் நடுவில் பலகை பிடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்த வேண்டும், ஒரு மாதம், கூடவே இருக்கலாம். என் இடுப்பால் முடியாது, சம்பளத்துக்கு ஆள் தேடினேன், பன்றி என்றதும் வரமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

நான் வேலியோரம் நின்றேன். பெரியவன் வந்து என் செருப்பை மோந்தான். காதில் மருந்து நீலமாக. முப்பதாம் தேதி டிக்கெட். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று மூளையே ஓடவில்லை.

யாழினி என் கையைப் பிடித்தாள். "இட்ஸ் ஓகே ம்மா. டாக்டர் சொன்னதையே பண்ணிடலாம். எனக்குத் தெரியும், நீயும் அப்பாவும் பேசினதக் கேட்டேன்."

அவளே மறுபடி சொன்னாள், சமாதானப்படுத்துகிற குரலில், "நீ எப்பவும் சொல்வியே. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

பன்னிரண்டு வயசு. என் குரல் மாதிரியே இருந்தது. அந்த இழுவை, அந்தச் சின்னச் சிரிப்பு, எல்லாம்.

மார்கரெட்டிடம் ஞாயிறு வரை டைம் கேட்டேன். சரி என்றாள்.

மே 23, சனி

தூக்கமில்லை. காலையிலிருந்து போன்.

மேனேஜருக்கு: ஆகஸ்ட் வரை இருக்கலாமா என்று கேட்டீர்களே, இப்போதும் அப்படியா? இப்போதும் அப்படித்தான், சந்தோஷம் என்றார். மாலை ஷிஃப்ட் வேண்டாம், காலை மட்டும். அதற்கும் சரி.

க்ளினிக் விசா வேலை பார்ப்பவருக்கு: என் விசா க்ளினிக்கினுடையது, பிரச்சினை இல்லை. யாழினி விசாவை என் பெயருக்கு மாற்றலாம், சில காகிதங்கள் வேண்டும் என்றார்.

க்ளினிக் நர்ஸ் ஜெஸ்ஸி சிஸ்டருக்கு: குடும்பம் கோட்டயம் போயிருக்கிறது, இரண்டு அறை ஃப்ளாட்டில் அவள் மட்டும். நானே கேட்க வாயெடுப்பதற்குள், ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடு என்றாள். சாதம் அவள் வைப்பாளாம், குழம்பு என் பொறுப்பு.

யாழினியிடம் சொன்னேன். பரீட்சை எழுதுகிறாய், சாயங்காலம் உம் அல் குவைன் போகிறோம், அந்தப் பலகையை நாம் பிடிக்கிறோம். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இனிமேல்தான்.

கடைசியாகச் சேகருக்கு. முப்பதாம் தேதி நாங்கள் வரவில்லை, டிக்கெட்டைக் கேன்சல் செய்யுங்கள், வீட்டுச் சாவி சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவேன் என்றேன். பின்னால் ஏதோ டிவி. எப்போது வருவாய் என்று கேட்டார். ஆகஸ்டுக்குப் பிறகு பேசலாம், அங்கே லேப் வேலை ஏதாவது இருக்கிறதா என்று நீங்களும் கொஞ்சம் விசாரியுங்கள் என்றேன். விசாரிப்பதாக இதுவரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

"ரெண்டு பன்னிக்காகவா அங்க இருக்கப் போற?"

என்னென்னவோ சொல்ல வந்தது. வாஷிங் மெஷின் வாங்குகிறவர் வாசலில் பெல் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. பன்னிக்காகத்தான்" என்றேன். அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

மே 24, ஞாயிறு

வெயில் இன்னும் ஏறியிருக்கிறது. ஐந்து மணிக்கு மேல்தான் நடத்த முடிந்தது. பலகை கனம். யாழினி பெரியவன் பக்கம், நான் டோலி பக்கம். மூன்று தடவை முட்டல், ஒரு தடவை நான் விழுந்தேன், முழங்கை போயிற்று. மார்கரெட் தடியை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் திட்டிக்கொண்டிருந்தாள், என்னையா பன்றியையா தெரியவில்லை.

நாளைக்கு ரப்பர் ஷூ வாங்க வேண்டும். செருப்போடு முடியாது.