பல் கவசம் வந்து சேர்ந்தது

அன்புள்ள உங்களுக்கு,

மனைவி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம், என் வாயைத் தவிர. மாமாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. பல் மருத்துவர்கள் மாநாட்டில் நீங்கள் பேசிய காணொளியை மகள் போட்டுக் காட்டினாள். கோட்டு எடுப்பாக இருந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய பல் கவசம் புதன்கிழமை கூரியரில் வந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்காமலிருக்கப் போட்டுக்கொள்ளும்படி உங்கள் உதவியாளர் சீட்டு வைத்திருந்தார். குறை சொல்லக்கூடாது, கச்சிதமாகப் பொருந்துகிறது. போன முறை வந்தபோது பேனா மாதிரி ஒரு கேமராவை என் வாய்க்குள் விட்டுச் சுழற்றினீர்களே, அந்தப் படத்தை வைத்தே இயந்திரம் செய்துவிட்டதாம்.

அதே படம் மேடையிலும் வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய என் பற்களின்மேல் இப்போதைய பற்களை வைத்து, தேய்ந்த இடங்களைச் சிவப்பாகக் காட்டினீர்கள். "நாற்பத்திநாலு வயசுப் பெண் நோயாளி. ஒரு கவலையும் இல்லைன்னு சொன்னாங்க. ஆனா பல்லு வேற கதை சொல்லுது" என்றீர்கள். கைதட்டினார்கள். மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்த ஓரத்துல உடைஞ்ச பல்லு உன்னோடதுதானே?" என்று கேட்டாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பல்லை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும் என்று அழகாகப் பேசினீர்கள். நம் பழைய ஒற்றை அறைக் கிளினிக்கில், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், வருகிறவர்களிடம் தூக்கம் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, எதற்குப் பயம் என்று விசாரிப்பேன். "கதை போதும், அடுத்த ஆளைக் கூப்பிடு" என்று எரிந்து விழுந்தது யார்? நான் நோட்டில் எழுதி வைத்த அந்தக் கேள்விகள்தான் இன்று உங்கள் மருத்துவமனைத் தொடுதிரையில் நாற்பதாக ஓடுகின்றன. மேடையில் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன்.

கவசத்தோடு அந்த நாற்பது கேள்விப் படிவமும் வந்திருந்தது. பதினேழாவது கேள்வி: 'வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பும்போது தாடை பிடித்துக்கொள்கிறதா?' இது ஒரே ஒரு லாரி ஓட்டுநருக்காக நான் எழுதியது! படித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டீர்கள். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட ஆசிரியைகளும் பால்பல் விழுந்த குழந்தைகளும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்துத் தாடை வலி எடுத்தது.

முப்பத்தோராவது கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. 'மனம்விட்டுப் பேச வீட்டில் ஆள் இருக்கிறாரா?'

ஒரு கவலையும் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? கேமரா வாய்க்குள் இருக்கும்போது, "கவலை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். தலையைத்தான் ஆட்ட முடிந்தது. குழாயை வெளியே எடுத்த பிறகுதான் கேள்வி என்பது நம் பழைய அறையின் முறை. அதை மட்டும் நோட்டில் எழுத மறந்துவிட்டேன்.

மற்ற முப்பத்தொன்பதுக்கும் பதில் எழுதிவிட்டேன், லாரிக்கும் சேர்த்து. இதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் ஒரு தடவை வாருங்கள். கேமரா வேண்டாம். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். நான் சொல்லி முடிக்க நேரமாகும், எழுந்து போகாதீர்கள். வராவிட்டால் அந்த இடத்தில் 'இல்லை' என்று நானே எழுதிப் படிவத்தை அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு எனக்குக் கவசம் எதுவும் செய்ய வேண்டாம்.

உங்களுக்கு ஒரு பல்லும் வலிக்காமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி.
வயது இப்போது நாற்பத்தாறு.