டெய்லரிங்குக்கு எதுக்குங்க வெள்ளி?

12.3.2006, ஞாயிறு

ராஜஸ்தானில் சுரங்க ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் இன்று போன் செய்தார். சித்திரைத் தேருக்கு வருவாரா என்று கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அவரோ நான் போனை எடுத்ததுமே வெள்ளி எடுக்கிற கல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

"எப்படி அரைச்சாலும் கொஞ்சம் வெள்ளி டெய்லிங்ல போயிருது அம்மிணி."

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற என் காதில் அது டெய்லரிங் என்றுதான் விழுந்தது.

"டெய்லரிங்குக்கு எதுக்குங்க வெள்ளி?" என்றேன்.

சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! பொங்கலுக்கு வந்துபோன பிறகு இன்றுதான் அதைக் கேட்கிறேன். அப்புறம் பொறுமையாக விளக்கினார். கல்லை மாவாக அரைத்து வெள்ளியைப் பிரித்தபின் மிஞ்சுகிற சேறுதான் டெய்லிங்காம். அதோடு போகிற வெள்ளியையும் பிடித்துவிடத்தான் இத்தனை சோதனையாம்.

"இன்னும் நைசா அரைச்சுப் பார்க்கோணும். அது முடியற வரைக்கும் லீவு கேக்க முடியாது."

நான் கேட்காமலேயே பதில் வந்துவிட்டது. "சரிங்க" என்று வைத்துவிட்டேன். கோபம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்ததும், "டெய்லரிங் எப்படிங்க போகுது?" என்றுதான் கேட்கப் போகிறேன்.