ஜாபர் சாதிக் நினைவு அறையின் பூட்டை அகற்றக் கோரி

அனுப்புநர்:
ஜா. ஹமீதா பானு,
க/பெ. மர்ஹூம் ஜாபர் சாதிக்,
கூடத்துத் தெரு, பனைக்குடா,
பெரியபட்டினம் வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: பனைக்குடா சமுதாயக் கூடத்தில் என் கணவர் பெயரிலுள்ள நினைவு அறை பூட்டியே வைக்கப்பட்டிருப்பது – கைப்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அதைத் திறந்துவிட வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: குடியரசு நாள் கிராம சபைக் கூட்டத்தில் நான் நேரில் வைத்த கோரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் என் மகள் லாமியாவுடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் கிழக்குப் பக்க அறைக்கு ‘ஜாபர் சாதிக் நினைவு அறை’ என்று பெயர். அந்த ஜாபர் சாதிக் என் கணவர். பெயர் வைக்கவில்லை, வைத்த பெயரை எடுத்துவிட்டார்கள் என்றுதான் தங்களுக்கு மனுக்கள் வரும். என் கணவர் பெயர் அந்தக் கதவின் மேல் பளிச்சென்று இருக்கிறது. யாரும் அதில் கை வைக்கவில்லை. பெயருக்குக் கீழே தொங்கும் பூட்டைப் பற்றியதுதான் இந்த மனு.

என் கணவர் கைப்பந்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். பிழைப்புக்குச் சவூதியில் லாரி ஓட்டினாலும், ஊரில் அவரை ‘லிஃப்டர் ஜாபர்’ என்றால்தான் தெரியும். லிஃப்டர் என்பவர் பந்தை அடிக்க மாட்டார். அடிப்பவருக்கு வாகாக வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பார். கைதட்டல் எல்லாம் அடித்தவருக்குத்தான் போகும். அவர் தூக்கிக் கொடுக்க, அடித்தவர் திரு. மலையாண்டி. இவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி, கண்மாய்க் கரைக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலி வேலை பார்ப்பவர். என் கணவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். மிளகாய்க் கொல்லையில் வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்து எங்கள் ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போவார்.

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் கூடத்து மைதானத்தைப் பார்த்திருக்கும். நான் புதுப்பெண்ணாக வந்தபோது மாமியார் அந்த ஜன்னலைச் சாத்தியே வைக்கச் சொன்னார். சாத்தினாலும் சத்தம் வரும். அதை வைத்தே எனக்கு ஆட்டம் புரியத் தொடங்கிவிட்டது. மலையாண்டி அண்ணன் அடித்தால் தெரு முழுக்கக் கேட்கும். அதற்கு முந்தைய ஒரு நொடி சத்தமே இருக்காது. அந்த நொடியில் பந்து என் கணவர் விரல்களில் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்தால்தான் என் கோரிக்கை தங்களுக்கு விளங்கும் என்பதால், எங்கள் குடும்ப விஷயம் ஒன்றையும் இங்கே குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். எங்களுக்கு நிக்காஹ் ஆன மறுநாள் என் தாய் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. அன்றைக்கே தேவிபட்டினத்தில் ஒரு போட்டியின் இறுதி ஆட்டம். மாப்பிள்ளை காலையில் தொழுகைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் சகன் தட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் சொந்தபந்தம் எல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தகப்பனாருக்கு முகம் சிவந்துவிட்டது. சாயங்கால அசர் தொழுகை நேரம் நெருங்கும்போது வேன் ஒன்று வந்து நின்றது. முழங்கால் வரை மணலோடு மாப்பிள்ளை இறங்கினார். அவருக்குப் பின்னால் மொத்த அணியும் இறங்கியது. கடைசியாகக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலையாண்டி அண்ணன். என் தகப்பனார் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: “பசிக்குதுன்னாய்ங்க மாமா, கூட்டியாந்துட்டேன்.” என் தகப்பனார் சிரித்துவிட்டார். அன்று பெண்களுக்கு என்று வைத்திருந்த பிரியாணியும் காலியாகிவிட்டது. நாங்கள் வெறும் சோற்றில் குழம்பை ஊற்றித் தின்றோம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

மேற்படி அறை ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த விதமும் இப்படித்தான். கூடம் கட்டியபோது அது பாத்திரங்கள் வைக்கும் அறை. வெளியூர் அணி ஒன்று ஆட வந்திருந்த நாளில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் அவர்கள் சுவரோரம் நனைந்து நிற்பதைப் பார்த்த என் கணவர், ஊர்ப் பெரியவர்களிடம் போய் அந்த அறையைக் கேட்டார். அண்டா, தேக்சாக்களை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். தன் வீட்டில் என்றார். அப்படியாக ஊர்க் கல்யாணப் பாத்திரங்கள் எல்லாம் எங்கள் கொல்லைக்கு வந்தன. ஆட்டக்காரர்கள் அந்த அறைக்குப் போனார்கள். அதன் பிறகு பல வருடங்கள், ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அண்டா கேட்டு முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த அறையில் ஒரு நீள பெஞ்சு, ஆணியில் தொங்கும் வலை, தண்ணீர்ப் பானை, ஒரு கேரம் போர்டு இருந்தன. வியர்வையும் தைலமும் ஈர மணலும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும். அரபு நாடுகளில் வேலை பார்த்து விடுப்பில் வரும் ஊர்க்காரர்கள் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு அங்கேதான் போவார்கள். கடலுக்குப் போய் வந்தவர்கள் அந்த பெஞ்சில் சாய்ந்து தூங்குவார்கள். நோன்பு மாதத்தில் நான் கொடுத்தனுப்பும் கஞ்சியை, நோன்பு வைத்தவர்களும் வைக்காத மலையாண்டி அண்ணனும் பாங்கு சொல்லும் வரை காத்திருந்து ஒன்றாகக் குடிப்பார்கள். சவூதியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பேசும் என் கணவர், வீட்டு நலம் விசாரித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: “ரூம்ல ஆளு இருக்கா?” நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவேன். அங்கே கூச்சல் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் போனை வைப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் சவூதியிலேயே மாரடைப்பில் மௌத் ஆனார். லாரியை ஓரமாக நிறுத்தியிருந்தார் என்றார்கள். உடலைக் கொண்டுவருவது கூடிவராததால் அங்கேயே நல்லடக்கம் செய்ய நான் சம்மதித்தேன். எங்கள் பள்ளிவாசலில் அவர் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுகை நடந்தது. வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். மலையாண்டி அண்ணன் மட்டும் வரவில்லை. அவர் அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் ஊர் அடக்கத்தலமான மையவாடியில் என் கணவருக்கு கபர் கிடையாது. அவர் பெயர் எழுதிய இடம் என்று எனக்கும் என் மகளுக்கும் இருப்பது அந்த அறை ஒன்றுதான். இதைக் கவனத்தில் கொண்டு மேலே படிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு ஊராட்சியும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து அந்த அறையைப் புதுப்பித்து அவர் பெயரை வைத்தார்கள். டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி அலமாரி செய்து, கோப்பைகளை அடுக்கி, அவர் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். திறந்த அன்று நான் அழுதேன். அதற்காக அவர்கள் அனைவருக்கும் இன்றும் நன்றி உடையவளாக இருக்கிறேன். சில வாரங்களில் ஒரு பந்து பட்டு அலமாரிக் கண்ணாடி உடைந்தது. அதன் பின் பெஞ்சும் கேரம் போர்டும் வெளியேற்றப்பட்டு, கதவு பூட்டப்பட்டது. கொடியேற்றும் நாட்களிலும் என் கணவர் இறந்த நாளிலும் மட்டும் திறக்கிறார்கள். அப்படித் திறந்த ஒரு நாளில் உள்ளே போனேன். பினாயில் வாசனை அடித்தது. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. வந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டேன்.

என் மகள் லாமியா பள்ளியின் பெண்கள் கைப்பந்து அணியில் இருக்கிறாள். மலையாண்டி அண்ணனின் மகள் பூமயிலும் அதே அணியில் ஆடுகிறாள். பேருந்தில் வரும் பூமயில் எங்கள் வீட்டில்தான் உடை மாற்றிக்கொள்கிறாள். ஆனால் வெளியூர் அணிகள் வந்தால் அத்தனை பிள்ளைகளுக்கு என் வீடு போதாது. லாமியா ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சாவி கேட்டிருக்கிறாள். அங்கிருந்தவர் கனிவாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்: “உங்க வாப்பா ரூம்மா அது. ஆளாளுக்குப் பொழங்க விட்டா மரியாதையா இருக்காது.” வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: “மரியாதைன்னா வாப்பாவுக்குப் புடிக்குமா உம்மா?”

கடந்த பொங்கல் விடுமுறையில் எங்கள் மைதானத்தில் பெண்கள் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள், பூட்டிய அறையைத் தாண்டிப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துப்பட்டாக்களை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உடை மாற்றினார்கள். எதிர் மாடியிலிருந்து யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்ததை ஒரு பிள்ளை பார்த்துவிட்டாள். அவர்களுடைய ஆசிரியை ஆட்டமே வேண்டாம் என்றார். பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் பிள்ளைகள் வென்றதாக மைக்கில் அறிவித்தார்கள். கோப்பையை வாங்க லாமியாவும் போகவில்லை, பூமயிலும் போகவில்லை. அந்தக் கோப்பையும் இப்போது என் கணவர் படத்துக்குக் கீழே, அதே பூட்டுக்குள் இருக்கிறது.

இந்தக் காரணத்தால் குடியரசு நாள் கிராம சபையில் என் கோரிக்கையை வைத்தேன். நினைவிடத்தின் கண்ணியம் கெடும் என்று ஊராட்சித் தலைவர் தயங்கினார். என்னுடன் வந்திருந்த மலையாண்டி அண்ணன் எழுந்து, “படத்துக்கு எதுக்குங்கய்யா ரூம்பு? படத்த எங்க வீட்டுல மாட்டிக்கிறேன். ரூம்ப புள்ளைகளுக்கு விடுங்க” என்றார். அவர் வெளியூர்க்காரர், இந்தச் சபையில் பேச முறையில்லை என்று யாரோ சொன்னார்கள். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். அவர் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊருக்காக அத்தனை வருடம் ஆடிய மனிதர், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதுவரை பொதுவில் மைக் பிடித்துப் பேசியவள் அல்லள். அன்று என்னையும் அறியாமல் சொன்னேன்: “மலையாண்டி அண்ணே வெளியூருன்னா, சவூதி மண்ணுல கெடக்குற எங்க மாப்பிள்ளையும் வெளியூருதான்.” கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று கூறிக் கூட்டத்தை முடித்தார்கள். இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை.

ஊராட்சியில் உள்ளவர்கள் என் கணவர் மேல் வைத்திருக்கும் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் மீது நடவடிக்கை எதையும் நான் கோரவில்லை. நான் வேண்டுவது, மேற்படி அறையை அன்றாடம் மாலையில் திறந்துவைக்கவும், உள்ளே தாழ்ப்பாளும் ஜன்னலுக்கு மறைப்பும் போட்டு, போட்டி நாட்களில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒதுக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும் என்பதே. பெஞ்சைத் திரும்பப் போட வேண்டும். உடையும் பொருள் என்று அஞ்சினால் அலமாரியை அகற்றிவிடலாம். கோப்பைகளுக்கு என் வீட்டில் இடம் இருக்கிறது. ஆடாமல் போன அந்த இறுதி ஆட்டத்தை மறுபடி நடத்த அனுமதித்து, அதற்குரிய கோப்பையை மட்டும் வெல்பவர்களுக்காக எடுத்துவைக்க வேண்டுகிறேன்.

நினைவு அறை என்ற பெயர் இருக்கும்வரை பொதுப் பயன்பாட்டுக்கு விட முடியாது என்று விதி எதுவும் குறுக்கே வருமானால், அந்தப் பெயரை அழித்துவிடலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதை, அவருடைய மனைவி என்ற முறையில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த வரியை எழுதுவதற்கு முன் என் மகளிடம் கேட்டேன். அவளும் சரி என்றாள்.

வரும் கோடை விடுமுறையில் மீண்டும் பெண்கள் போட்டி நடக்க இருக்கிறது. திரும்பிப் போன அந்த அணியையும் லாமியா அழைத்திருக்கிறாள். பிள்ளைகள் உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று மட்டும் அவர்களுடைய ஆசிரியை கேட்டிருக்கிறார். பொய் சொல்லக் கூடாது என்பதற்காக நாங்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை. இருக்கிறது, வாருங்கள் என்று அவருக்குச் சொல்லத் தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கிறேன்.

நாள்: 17.02.2024
இடம்: பனைக்குடா

மனுதாரர்,
(ஒப்பம்) ஜா. ஹமீதா பானு